திருட்டு வழக்குக் கட்டையும் பிரித்துப் படியுங்கள்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் நண்பர்களே,



கொலை வழக்கில் தண்டனை விழுந்தால் அப்பீல் போட ஊரே ஓடும். நிலத்தை அடகு வைத்தாவது சென்னைக்கோ மதுரைக்கோ போய் நல்ல வக்கீலைப் பிடிப்பார்கள். பூட்டை உடைத்து நகை திருடியதாக மூன்று வருடம் தண்டனை வாங்கியவருக்காக அப்படி யாரும் ஓடுவதில்லை. சொந்தபந்தம் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறது. மனைவி ஒருத்தி வந்தாலும், அவள் கையில் பஸ் காசுக்கு மேல் இருப்பதில்லை. அதனால் அவருடைய மேல்முறையீடு சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அமர்வு நீதிமன்றத்துக்கு வந்து, அங்கிருந்து சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், கடைசியில் உங்களில் ஒருவருடைய மேசைக்கு வந்து சேர்கிறது. அதை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் மாவட்ட நீதிமன்றங்களில் குற்றவியல் மேல்முறையீடுகளை நெடுங்காலமாக நடத்தி வருபவன். திருட்டு வழக்கு அப்பீல்களில் திரும்பத் திரும்ப ஒரே காட்சியைத்தான் பார்க்கிறேன். மனுவில் “கீழமை நீதிமன்றத் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியங்களுக்கும் முரணானது” என்று வழக்கமான நான்கு வரி. வாதத்தின்போது, “எதிரி ஏழை, சின்ன வயசு, வயதான தாயார் இருக்கிறார், கருணை காட்ட வேண்டும்” என்று ஒரு வேண்டுகோள். நீதிபதியும் மனம் இரங்கி, இரண்டு வருடத்தை ஒரு வருடமாக்குகிறார். வக்கீலுக்குத் திருப்தி, நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு முடிந்த கணக்கு. அந்த மனிதர் அந்த வீட்டுக்குள் போனாரா, அந்த நகையை எடுத்தாரா என்ற கேள்வியை மேல்முறையீட்டில் யாருமே எழுப்பியிருக்க மாட்டார்கள்.

மேல்முறையீடு என்பது சாட்சியத்தை முதலிலிருந்து மறுபடி எடை போடும் உரிமை. முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சட்டக் கேள்வியோடு சேர்த்து உண்மைக் கேள்வியையும் ஆராய முழு அதிகாரம் உண்டு. கொலை வழக்குக் கட்டு வந்தால் இரவு முழுக்க உட்கார்ந்து குறிப்பு எடுக்கும் நீங்கள், பழைய தண்டனைச் சட்டத்தின் 457, 380 என்று மேலட்டையில் பார்த்ததும் அதை அலமாரியில் வைத்துவிடுகிறீர்கள். அப்படி வைக்காதீர்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

திருட்டுக் கொடுத்தவர்களின் வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சீட்டுக் கட்டி, வயிற்றைக் கட்டி மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பத்துப் பவுன் ஒரே இரவில் போய்விட்டால் அந்தக் குடும்பம் எழுந்திருக்கப் பல வருடம் ஆகும். பீரோ திறந்து கிடப்பதைப் பார்த்த பிறகு அந்த வீட்டுப் பெண்களுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். அவர்களுக்கு நியாயம் வேண்டும். ஆனால் தவறான ஆளைப் பிடித்து உள்ளே வைப்பதால் அவர்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை. உண்மையில் திருடியவன் அடுத்த தெருவில் பூட்டை நோட்டம் பார்த்துக்கொண்டிருப்பான்.

இனி கட்டைப் பிரிப்போம். நம் ஊர்த் திருட்டு வழக்கு ஒன்றின் கட்டு பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் தகவல் அறிக்கையில் எதிரி பெயர் இருக்காது. “அடையாளம் தெரியாத நபர்” என்று இருக்கும். அதில் தவறில்லை, திருடன் விலாசம் எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. சில மாதம் கழித்து ஒரு வாகன சோதனை. சந்தேகத்துக்கு இடமாக ஒருவர் இருசக்கர வாகனத்தில் வருகிறார். போலீசைப் பார்த்ததும் தப்பி ஓட முயல்கிறார். பிடித்து விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசி, பிறகு தானாகவே முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறார். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். எதிரி அழைத்துச் சென்று அடையாளம் காட்டிய இடத்தில் நகை கிடைக்கிறது. மகஜர் தயாராகிறது. படிவம் 95-ல் சொத்து நீதிமன்றத்துக்குப் போகிறது.

இப்படி ஒரு வழக்கு உண்மையாகவும் இருக்கலாம். குற்றப்பிரிவில் இரவு பகல் பாராமல் உழைத்து, விரல்ரேகையை வைத்துச் சரியான ஆளைப் பிடிக்கும் அதிகாரிகளை எனக்குத் தெரியும். ஆனால் எது உண்மை, எது எழுதி வைத்தது என்பதைக் கட்டுக்குள்ளேயே கண்டுபிடிக்க முடியும். அதற்குப் பொறுமை மட்டும்தான் வேண்டும்.

முதலில் வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று மூன்று பிரிவாக இருந்ததைப் புதிய பாரதிய சாட்சிய அதினியம் 23-ஆம் பிரிவில் ஒன்றாக வைத்திருக்கிறது, கொள்கை மாறவில்லை. ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய அந்த ஒரு பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது. இதை நமக்குத் தெளிவாகச் சொன்னது புலுக்குரி கோட்டய்யா வழக்கு. பழைய சென்னை மாகாணத்திலிருந்து பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. இத்தனை காலத்துக்குப் பிறகும் முழு வாக்குமூலத்தையும் ஆவணமாகக் குறியீடு செய்ய விட்டுவிட்டு, ஒரு ஆட்சேபம்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்த எதிர்த்தரப்பு வக்கீல்களை இன்றும் பார்க்கலாம். தீர்ப்பைப் படியுங்கள். “எதிரி தன் ஒப்புதல் வாக்குமூலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்” என்று நடுவர் எங்காவது எழுதியிருந்தால், உங்கள் முதல் வாதம் அங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்தது மகஜர். கைது செய்த நேரம், வாக்குமூலம் எழுதிய நேரம், பொருள் எடுத்த நேரம், ரிமாண்டுக்குக் கொண்டுபோன நேரம், நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அரைமணி நேரத்தில் நாற்பது கிலோமீட்டர் போய், குழி தோண்டி, நகையை எடுத்து, எடை போட்டு, நான்கு பக்க மகஜர் எழுதியிருந்தால் அது கண்ணில் படும். நகை கிடைத்த இடம் எது என்று பாருங்கள். பொது வழி, கருவேலங்காடு, யாரும் போய்வரும் புறம்போக்கு என்றால், எவரும் போகக்கூடிய திறந்த இடத்தில் கிடைத்த பொருளை ஒருவரின் வசம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே திரிம்பக் வழக்கில் சொல்லிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் அந்தக் கிராமத்துக்காரர்தானா, அல்லது அதே காவல் நிலையத்தின் எல்லா வழக்குகளுக்கும் அவரே சாட்சியா என்று பாருங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சோதனை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவு எங்கே? நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்களா? கேளுங்கள்.

பிறகு நகை. புகார் கொடுத்த அன்று நகையைப் பறிகொடுத்த அம்மா சொன்ன பட்டியலையும் மீட்டதாகச் சொல்லும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புகாரில் “சுமார் ஐந்து பவுன் நகைகள்” என்று மட்டும் இருந்து, பறிமுதல் மகஜரில் கிராம் கணக்கோடு கல் வைத்த தோடு, முகப்புச் செயின் என்று வந்தால், அந்த விவரம் இடையில் எங்கிருந்து வந்தது? அடகுக்கடையிலிருந்து உருக்கிய தங்கக் கட்டியாக மீட்டிருந்தால் அதை யார், எப்படி அடையாளம் காட்ட முடியும்? கட்டிக்கு முகம் கிடையாது. நகையாகவே மீட்டிருந்தாலும், உரிமையாளர் அதைக் காவல் நிலையத்தில் மேசைமேல் பார்த்துவிட்டு வந்து கூண்டில் நின்று “என்னுடையதுதான்” என்று சொன்னால் அதன் எடை குறைவு. பொதுவாகப் புழங்கும் டிசைன் என்றால் இன்னும் குறைவு. திருட்டு நடந்து எத்தனை காலம் கழித்துப் பொருள் கிடைத்தது என்பதும் முக்கியம். திருட்டுப் பொருள் சமீபத்தில் ஒருவர் கையில் இருந்து, அவர் கணக்குச் சொல்லவில்லை என்றால்தான் அவரைத் திருடனாகவோ, திருட்டுப் பொருள் வாங்கியவராகவோ ஊகிக்கலாம். வருடக்கணக்கில் ஆகிவிட்டால், கைமாறும் பொருளில் அந்த ஊகம் தளர்ந்துபோகிறது.

இப்படி ஒரு கட்டை இரண்டு மாலை உட்கார்ந்து படித்தால் போதும், விடுதலைக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இல்லையென்றால் பிறகு தண்டனைக் குறைப்பைக் கேளுங்கள். வரிசை அதுதான்.

வக்கீல் செய்யும் இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில், பனாமா சிட்டி என்ற ஊரில், 1961 ஜூன் மாதம் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியை உடைத்து, சிகரெட் இயந்திரத்திலிருந்தும் பாட்டுப் பெட்டியிலிருந்தும் சில்லறைக் காசும் கொஞ்சம் பானங்களும் திருடியதாகக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் மீது வழக்கு. ஏற்கெனவே பலமுறை சிறை பார்த்தவர், ஏழை. எனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குக்கு மட்டுமே அரசு செலவில் வக்கீல் தர முடியும் என்று நீதிபதி மறுத்தார். தனக்குத் தானே வாதாடினார் கிடியன். ஐந்து வருடச் சிறை. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு, இப்படிப்பட்ட கடுங்குற்ற வழக்குகளில், அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1963 மார்ச் 18 அன்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதுவரையான கதையைச் சட்டக் கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. அதே ஊரில், அதே நீதிபதி முன் மறுவிசாரணை. இந்த முறை ஃபிரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல் கூட இருந்தார். அவர் விசாரணைக்கு முன்பே அக்கம்பக்கம் அலைந்து விசாரித்து வைத்திருந்தார். டாக்சி ஓட்டுநர் ஒருவர் கூண்டில் ஏறி, அன்று அதிகாலை கிடியனைத் தன் வண்டியில் ஏற்றியதையும், “என்னை ஏற்றிச் சென்றதை யாரிடமும் சொல்லாதே” என்று அவர் சொன்னதையும் சாட்சியம் சொன்னார். கேட்டவுடன் குற்றவாளி பேசும் பேச்சு மாதிரித்தான் இருக்கும். டர்னர் எழுந்து, இதற்கு முன்பும் அவர் உங்களிடம் அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். எப்போது ஏறினாலும் அப்படித்தான் சொல்வார், வீட்டில் மனைவியோடு தகராறு என்றார் ஓட்டுநர். அரசுத் தரப்பு பெரிதாக நம்பிய ஒரு துண்டு சாட்சியம் அங்கேயே உதிர்ந்தது. ஆர்ப்பாட்டம் இல்லாத, கத்தாத, ஆனால் முன்கூட்டியே தயாரான ஒரு குறுக்கு விசாரணை அது. சுமார் ஒரு மணி நேரம் ஆலோசித்த ஜூரிகள் கிடியனை விடுதலை செய்தார்கள். குற்றச்சாட்டு அதேதான், ஆளும் அவரேதான். இரண்டு விசாரணைக்கும் இடையே வந்து சேர்ந்தது கட்டைப் படித்த ஒரு வக்கீல்.

நம் நாட்டில் இந்த உரிமைக்கு அடித்தளம் போட்டவர் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1978-ல் ஹோஸ்கோட் வழக்கில், சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாக, தாமதமின்றித் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் தர வேண்டும், இவை சலுகையல்ல, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவின் பகுதி என்று எழுதினார். நகல் கைக்குக் கிடைக்காமலே வருடங்கள் ஓடிவிட்ட வழக்கு அது. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவு, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி தரச் சொல்கிறது. ஆக, உங்களிடம் வரும் சிறைவாசி தர்மம் கேட்டு வருபவரல்ல.

ஆனால் நகல் விஷயத்தில் இன்றும் கவனம் தேவை. நடுவர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். உயர் நீதிமன்றம் என்றால் 60 நாள். நகல் வாங்க எடுத்த காலத்தை இந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தால், மொழிபெயர்ப்பு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அந்தக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காலம் கடந்துவிட்டால் கைவிட்டுவிடாதீர்கள்; தாமத மன்னிப்பு மனுப் போடுங்கள். சிறையில் இருந்தவருக்கு வக்கீல் கிடைக்கவில்லை, நகல் கிடைக்கவில்லை என்பதைவிடப் போதுமான காரணம் வேறு என்ன வேண்டும்?

சிறைக்குள் ஒரு பயம் பரவியிருக்கிறது. “அப்பீல் போட்டால் தண்டனையைக் கூட்டிவிடுவார்கள், இருக்கிறதை ஓட்டிவிட்டுப் போகலாம்” என்று பழைய கைதிகள் புதியவர்களிடம் சொல்கிறார்கள். தண்டனை பெற்றவர் போட்ட மேல்முறையீட்டில் அந்த நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். சாதாரணத் திருட்டு வழக்கில் இது அபூர்வத்திலும் அபூர்வம். இதை நீங்கள் சிறை சட்ட உதவி மையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எளிய தமிழில் சொன்னால், பலர் மனுவில் கையெழுத்துப் போட முன்வருவார்கள்.

இன்னொரு பழக்கம் இதைவிட ஆபத்தானது. ஜாமீன் போட ஆளில்லாமல் பத்து மாதம் ரிமாண்டில் கிடப்பவரிடம், “ஒத்துக்கோ, இருந்த நாளைக் கழித்து விட்டுவிடுவாங்க” என்று சொல்கிறார்கள். சொல்பவர் சில நேரம் போலீஸ்காரர். சில நேரம், வருத்தத்தோடு சொல்கிறேன், வக்கீல். கைதியும் தலையாட்டிவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார். ஆனால் பதிவேட்டில் தண்டனை ஏறிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தண்டனை சட்டப்படி சரியா, அளவு சரியா என்பதைத் தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் கேட்க முடியாது. அடுத்த திருட்டு வழக்கில், பழைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்க வழி திறந்துவிட்டது. ஊரில் எந்த வீட்டில் பூட்டு உடைந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். விசாரணை நீதிமன்றத்தில் இருக்கும் நண்பர்களே, கட்சிக்காரரிடம் இதையெல்லாம் சொல்லாமல் ஒப்புதலுக்கு அழைத்துப் போகாதீர்கள்.

ஏன் சில பேர் வீட்டுக் கதவு மட்டும் முதலில் தட்டப்படுகிறது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1871-ல் வந்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே மனிதரைத் திருடராக்கியது. 1947-ல் நம் மாகாணத்தில் ஒழிந்தது. பழக்கம் ஒழிந்ததா? 1993-ல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோகப்பட்ட குறவர் சமூகத்துத் தொழிலாளி உயிரோடு திரும்பவில்லை. ‘ஜெய் பீம்’ படத்தின் மூலம் அந்த வழக்கை நாடே அறிந்தது. 2025 ஜூனில், நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்ட மடப்புரம் கோயில் காவலாளி இறந்தார். திருட்டு வழக்கில் ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது என்பதற்கு இவர்கள் இருவரின் உடல்களே சாட்சி. உங்கள் கட்டில் உள்ள “தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம்” என்ற வரியைப் படிக்கும்போது இவர்களை நினைவில் வையுங்கள்.

தண்டனையின் கணக்குக்கு வருகிறேன். திருட்டு வழக்கில் மிகப் பெரிய அநியாயம் நடக்கும் இடம் இது. ஆனால் பலர் கண்ணில் படுவதேயில்லை. ஒருவரைப் பிடித்தால் ஒரே வாக்குமூலத்தை வைத்து எட்டு, பத்து வழக்குகளில் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தனித் தீர்ப்பு. ஏற்கெனவே தண்டனையில் இருப்பவருக்கு இன்னொரு வழக்கில் தண்டனை விதித்தால், இரண்டும் ஏககாலத்தில் ஓடும் என்று நடுவர் தீர்ப்பில் எழுதாதவரை, முதல் தண்டனை முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 427-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 467. அந்த ஒரு வரி விடுபட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வருடங்கள் அடுக்கிக்கொண்டே போகும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தில் மின் சாதனங்களைத் திருடியதாக ஒருவர் மீது ஒன்பது வழக்குகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வருடம். ஏககாலம் என்று உத்தரவு இல்லை. ஆக மொத்தம் பதினெட்டு வருடம் என்று சிறை நிர்வாகம் கணக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதியரசர் நரசிம்மா அமர்வு, ஒன்பது தண்டனைகளும் ஏககாலத்தில் ஓடும் என்று உத்தரவிட்டது. தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட எந்த வழக்கும் இந்த நீதிமன்றத்துக்குச் சிறியதல்ல என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. அதற்குள் அந்த மனிதர் விதிக்கப்பட்டிருக்க வேண்டிய இரண்டு வருடத்தைத் தாண்டிச் சிறையில் கழித்திருந்தார். முதல் மட்டத்திலேயே ஒரு வக்கீல் எழுந்து நின்று கேட்டிருந்தால் டெல்லி வரை போயிருக்க வேண்டியதில்லை.

அதனால் கட்சிக்காரரைப் பார்க்கும்போது, “இந்த வழக்கு மட்டுமா, வேறு எந்தெந்தக் கோர்ட்டில் என்னென்ன கேஸ்?” என்று கட்டாயம் கேளுங்கள். சிறைப் பதிவேட்டில் அவருடைய எல்லா வழக்குகளும், ரிமாண்டுத் தேதிகளும், வேறு வழக்கில் ஆஜர்படுத்தப் பிறப்பிக்கும் பி.டி. வாரண்டுத் தேதிகளும் இருக்கும். ஒரே நேரத்தில் பல வழக்குகளில் ரிமாண்டில் இருந்தால், அந்த நாட்களை ஒவ்வொரு வழக்கிலும் கழித்துக் கொடுக்க வேண்டும் என்று 2001-ல் நஜாகத் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரண்டை நிறைவேற்றாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் வராமல் போகும். அபராதம் கட்ட முடியாமல் கூடுதலாக எத்தனை நாள் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் இல்லாததால் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர் உண்டு.

வயதையும் கேளுங்கள். குற்றம் நிரூபிக்கப்படும்போது 21 வயதுக்குக் கீழே இருந்தால், ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அனுப்புவதானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைக் கேட்டிருக்க வேண்டும். 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வீட்டில் திருடிய குற்றமும், இரவில் பூட்டை உடைத்த குற்றமும் இதற்குள் வரும். 11-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டு நீதிமன்றமே இந்த உத்தரவைப் போடலாம். கட்டில் அந்த அறிக்கை இல்லையென்றால் தீர்ப்பிலேயே ஓட்டை இருக்கிறது. 12-ஆம் பிரிவோ, நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய உதவி நீங்கள் செய்துவிட முடியாது.

மேல்முறையீடு தாக்கல் செய்யும் அன்றே தண்டனை நிறுத்தி வைக்கும் மனுவையும் போடுங்கள். மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனையில், வெளியே ஜாமீனில் இருந்தவரைத் தண்டித்த நீதிமன்றமே, வேறு தனிக் காரணம் இல்லாதபோது, அப்பீல் போடும் வரை விட்டுவைக்க வேண்டும். ஆனால் திருட்டு வழக்கின் எதிரி பெரும்பாலும் ரிமாண்டிலிருந்தே தீர்ப்புக்கு வருபவர். அந்த வசதி அவருக்குக் கிடையாது. அமர்வு நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும். குறிப்பிட்ட காலத் தண்டனை என்றால் நிறுத்தி வைப்பதைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 1999-ல் பகவான் ராமா ஷிண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்காமல் விட்டால், அப்பீல் விசாரணைக்கு வரும் முன்பே அவர் முழுத் தண்டனையையும் முடித்துவிட்டு வெளியே வந்திருப்பார். உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருந்தால், 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதால் விடுதலை தாமதமாவதை அந்த உத்தரவே கவனத்தில் எடுத்திருக்கிறது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமலில்லை. சட்ட உதவி வழக்குக்குக் கிடைக்கும் கட்டணம் கட்டு நகல் எடுக்கும் செலவுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். அதுவும் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. சீனியரின் வாய்தாக்களுக்கு நடுவில் சிறைக்குப் போய்வர ஒரு நாள் ஒதுக்குவது கஷ்டம். கட்டணத்தை உயர்த்த வேண்டும், உரிய காலத்தில் தர வேண்டும் என்று ஆணைக்குழுக்களிடம் கேட்பதில் நான் உங்களோடு நிற்பேன். ஆனால் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்ட பிறகு, கிடைக்கும் தொகையைப் பார்த்து உழைப்பை அளக்க நமக்கு உரிமையில்லை. வழக்கை எடுக்க முடியாதென்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறொருவருக்குப் போகட்டும். வக்கீல் வரவில்லை என்று குற்றவியல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது, தகுதியைப் பார்த்தே முடிக்க வேண்டும் என்பது பானி சிங் வழக்கிலிருந்து 1996 முதல் சட்டம். ஆனால் வக்கீல் இல்லாமல் நீதிபதி தனியாகப் படித்து முடிக்கும் வழக்கில் அந்த டாக்சி ஓட்டுநரிடம் கேட்கப்பட்ட மாதிரிக் கேள்வி எழாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்து உங்களுக்கு ஒதுக்கப்படும் திருட்டு வழக்கு அப்பீலில், மனு எழுத உட்காருவதற்கு முன் சிறைக்குப் போய் அந்த மனிதரை ஒருமுறை நேரில் பாருங்கள். என்ன நடந்தது என்று அவர் வாயால் கேளுங்கள். பிறகு கட்டை முதல் தகவல் அறிக்கையிலிருந்து தீர்ப்பின் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். காரணங்களை அந்த வழக்குக்கென்றே எழுதுங்கள். சந்தேகம் எழுந்தால் என்னைப் போன்ற மூத்தவர்களின் அலுவலகக் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவனான ஒரு மூத்த குற்றவியல் வழக்கறிஞர்